ஷேனிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

எனக்கு வாய் நீளம். முப்பது வருடம் இந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் கத்திக் கத்தி வளர்த்த வாய். பெவ் டீச்சர் வகுப்பெடுத்தால் எதிர்ச்சாரித் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கும் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடும் என்று என் கணவர் காலின் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்தில், புதிதாகக் குடியேறிய பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். போய் நின்றுவிட்டேன்.

என் மாணவர்கள் எல்லோரும் கரென் இனத்தவர்கள். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு, தாய்லாந்து எல்லை முகாம்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கோழிக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று உலகத்தின் தென்கோடியில் இருக்கும் இந்தக் கோதுமைக் காட்டுக்கு வந்தவர்கள். என்னைத் 'தரமூ' என்பார்கள். டீச்சரம்மா என்று அர்த்தம். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். ஐம்பது வயது ஆள் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொள்வார். பெவ் என்றே கூப்பிடுங்கள், இங்கே எல்லோரும் சமம் என்று சொல்லிப் பார்த்தேன். சரி தரமூ என்றார்கள்.

அவர்களுடைய மரியாதை எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பெண்கள் எல்லோருக்கும் பெயரின் முன்னால் 'நோ' என்று இருந்தது. அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு முதல் பருவம் முழுக்க ஒவ்வொருத்தியையும் "நோ, நீ வாசி", "நோ, நீ எழுது" என்று விரட்டினேன். என் விரல் யாரைக் காட்டுகிறது என்று பார்த்து அவரவர் எழுந்து வாசித்தார்கள். அது திருமதி, செல்வி மாதிரி வெறும் முன்சொல் என்று ஒரு ஜீவன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நூலகத்துப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். தரமூவுக்குச் சங்கடமாக இருக்குமே என்றார்கள். நானும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நோ மூலா முன்வரிசையில் உட்காருவாள். நாற்பதை ஒட்டிய வயது. கோழிக் கம்பெனியில் எலும்பெடுக்கும் வரிசையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் குளிரறையில் நின்று, கத்தியை ஒரே மாதிரி திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து அரைமணி தாமதமாக, தலைமுடியில் பிளீச்சிங் பவுடர் வாடையோடு வந்து உட்காருவாள். இந்த வருடம் பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியபோது அவள் கையெழுத்து படு மோசமாகிவிட்டது. அங்கேதான் கோழி என்றால் இங்கேயும் கோழி கிளறி வைத்திருக்கிறாயே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, பேனாவை மெல்ல இடது கைக்கு மாற்றினாள். அப்போதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

கேட்டால், கொஞ்சம் வலி, பரவாயில்லை என்கிறாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றேன். சிரிக்கிறாள். பின்வரிசையிலிருந்து சோ கிளேர் பேசினார். அவர் மூலாவின் கணவனுக்கு அண்ணன், பக்கத்து வீடு, எங்கள் வகுப்பின் விகடகவி.

"சோத்துப் பானைய எறக்கறது என் தம்பிதான் தரமூ. தினமும் அவளுக்குத் தலையும் அவன்தான் வாரி விடறான். பாருங்க, வகிடு எப்பிடிக் கோணிக்கிட்டுப் போகுதுன்னு."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றுப் பானையை இறக்க முடியவில்லை, தலை வார முடியவில்லை, ஆனால் மறுநாள் காலையில் போய்க் கத்தியைப் பிடிக்கிறாள். இப்படியே போனால் கை போய்விடும். கை போனால் வேலை போய்விடும். இதைக்கூட வாயைத் திறந்து மேற்பார்வையாளனிடம் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டேன். அவர் பெரிய ஆள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். மேற்பார்வையாளன் யார்? ஷேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். அவன் பெரிய ஆளா?

"அப்ப தரமூவே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே" என்றார் சோ கிளேர், பாதி விளையாட்டாக.

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்களுக்கு வாய் இல்லையா? இது முகாம் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தலைவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு. இந்த நாட்டுல நேராக் கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கேக்காம இருந்தாத்தான் தப்பு."

இப்படிச் சொன்னவள் நான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வேறு ஒரு பிரசங்கம் செய்தேன்.

அன்றைய பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, போர்டில் எழுதினேன்: 'ஷேன், என் மணிக்கட்டு வலிக்கிறது. எனக்கு வேறு வேலை தர முடியுமா?' சோ கிளேரை எழுப்பி, தொப்பி போட்டு, ஷேனாக நிற்கவைத்தேன். மூலா அவர் முன்னால் போய் நின்று மன்னிக்கணும் என்று ஆரம்பித்தாள். எதற்கு மன்னிப்பு, அந்த வார்த்தையை வெட்டு என்றேன். மறுபடி சொன்னாள், தரையைப் பார்த்து. நிமிர்ந்து பார் என்றேன். மறுபடி சொன்னாள், கடைசியில் சிரித்துவிட்டாள். வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தால் எவன் நம்புவான் என்று விரட்டினேன். வகுப்பு முடியும்போது அவள் அதைச் சுத்தமாகச் சொன்னாள். எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வாரம் நுழைந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன், சொன்னாயா என்று. சொன்னேன் தரமூ என்றாள். அவன் என்ன சொன்னான்? "'நோ வொரீஸ்'னு சொன்னார்." ஆகட்டும், கவலை வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது. நான் கைதட்டினேன். வகுப்பையே கைதட்ட வைத்தேன். அவர்களும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் சொல்லாத இடம் கிடையாது. நூலகத்தில் சொன்னேன். ரொட்டிக்கடையில் சொன்னேன். பக்கத்து நகரமான ஹார்ஷமில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள் நடந்தபோது எழுந்து நின்று, தன் வலியைத் தானே சொல்லத் தெரியாதிருந்த ஒரு பெண் எப்படி நிமிர்ந்து நின்றாள் என்று பத்து நிமிடம் பேசினேன். இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மூலாவும் இப்போதெல்லாம் வகுப்புக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிடுவாள். பிளீச்சிங் வாடைகூட இல்லை. வேறு வேலை கொடுத்துவிட்டான், ஷிப்டும் நல்லதாக அமைந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை.

மார்ச்சிலிருந்து அவள் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒரு பை நிறையப் புளிச்சக்கீரை, சில நாள் பச்சை மிளகாய், ஒரு நாள் சுரைக்காய். எல்லாம் அவள் வீட்டுப் பின்புறத்தில் விளைந்தவை. சமையலறை மேசையில் நாற்காலியின் நுனியில் உட்காருவாள். டீ கொடுப்பேன். காலினுடைய முட்டிவலி எப்படி என்று விசாரிப்பாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். சும்மா இருக்கிறவளைப் பார்த்தால் எனக்குப் பேச்சு ஊறும். பேத்தியைப் பற்றி, மழையைப் பற்றி, அவளை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்படுகிறேன் என்பதைப் பற்றி நானே பேசிக்கொண்டிருப்பேன். ஒரு மணிநேரம் கழித்து எழுந்து, தரமூவுக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போவாள்.

"சும்மாவா இவ்வளவு கீரையச் சுமந்துட்டு வர்றா?" என்று காலின் ஒரு நாள் கேட்டார். நன்றி விசுவாசம், உங்களுக்கெல்லாம் அது புரியாது என்று வாயை அடைத்தேன். அந்தப் புளிப்பு எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் வளர்க்கிற கோழிகளுக்குப் போட்டோம். மே மாதக் கடைசியில், இங்கே குளிர்காலம் தொடங்கிப் பனி விழுந்து, கீரை பட்டுப்போன பிறகு அவள் வருவது நின்றது. நானும் கீரை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜூன் கடைசியில் சமூகக் கூடத்தில், ஊரார் வந்து பார்க்கும் திறந்த நாள். ஊர்ப் பெரிய மனிதர்கள், நகராட்சி உறுப்பினர், ஹார்ஷமிலிருந்து வந்த ஆசிரியர்கள், கோழிக் கம்பெனி சார்பில் ஷேன். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பெட்டி பொரித்த கோழி கொண்டுவந்திருந்தான். என் மாணவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள், பிறகு மூலா தன் வாக்கியத்தை நடித்துக் காட்டுவாள் என்று ஏற்பாடு. காலையில் சோ கிளேர் வந்து, தொண்டை சரியில்லை, இன்றைக்கு ஷேனாக நிற்க முடியாது என்றார். அவருக்குத் தொண்டை சரியில்லாமல் நான் பார்த்ததே கிடையாது. வேறு யாராவது வாங்க என்றேன். எல்லோரும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூச்சம் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. நான் மேடைக்குப் போய்ச் சபைக்கு எல்லாக் கதையையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பெரிய யோசனை தோன்றிவிட்டது. கூட்டத்தில் ஷேன் உட்கார்ந்திருக்கிறானே!

"ஷேன், வாப்பா இங்க. உன் வேஷத்த நீயே போடு. வெக்கப்படாத."

சபை சிரித்துக் கைதட்டியது. அவன் தலையை ஆட்டினான். நான் விடவில்லை. மூன்றாம் வகுப்பில் கூப்பிட்ட அதே குரலில் இன்னொரு தரம் கூப்பிட்டேன். எழுந்து வந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. மூலா அவன் எதிரில் போய் நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மன்னிக்கணும் சொல்லவில்லை, தரையைப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை.

"ஷேன், என் மணிக்கட்டு வலிக்கிறது. எனக்கு வேறு வேலை தர முடியுமா?"

ஒரு பிசிறு இல்லை. கூடமே அவன் பதிலுக்காகக் காத்திருந்தது. அவன் 'நோ வொரீஸ்' என்றான். எல்லோரும் தட்டினார்கள். நான்தான் அதிகம் தட்டினேன்.

பிறகு டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவன் என்னிடம் வந்தான்.

"மிஸ், உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

என்ன தெரியாது என்றேன்.

"அவங்க எங்ககிட்ட வேலை பாக்கல மிஸ். அன்னிக்கு வந்து கேட்டாங்க பாருங்க, அடுத்த வாரத்துலேர்ந்தே கூப்பிடறதில்ல. கை வலின்னு சொல்ற தினக்கூலி ஆள ஷிப்ட்டுல போடாதன்னு மேல சொல்லிட்டாங்க. நான் என்ன பண்றது? நீங்க ஏன் என்னைய அங்க நிக்க வெச்சீங்க?"

திரும்பிப் பார்த்தேன். என் வகுப்பு முழுக்க நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அத்தனை பேருக்கும் தெரியும். நான் கைதட்டச் சொன்னபோது அவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் தெரியும். நான் பெருமை பேசப் பேச, தரமூவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வேலை போன பெண்ணை, வேலையைப் பறித்தவன் முன்னால் நிறுத்தி, அவள் பட்ட அடியை ஊருக்கே நாடகமாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஹார்ஷம் ஆசிரியை ஒருத்தி வந்து அற்புதமான நிகழ்ச்சி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நன்றி என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே மூலாவின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவள் கதவைத் திறந்ததும் பதறிப்போய், உள்ளே வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று ஆரம்பித்துவிட்டாள். சோறும் மூங்கில் குருத்துக் குழம்பும் என் முன்னால் வந்தன. கொண்டுவந்து வைத்தவன் அவள் கணவன். அவளால் தட்டைத் தூக்க முடியவில்லை. கையைக் காட்டு என்றேன். காட்டினாள். கட்டைவிரல் உள்பக்கமாக மடிந்து நின்றது, நிமிரவில்லை. கம்பெனியில் கூப்பிடாததால் ஒரு ஒப்பந்தக்காரனோடு ஆலிவ் பறிக்கப் போயிருக்கிறாள். இரண்டு மாதம், கிளை கிளையாகக் கையால் உருவிப் பறிக்கிற வேலை. கோழிக் கத்தியாவது பரவாயில்லை போல.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க தரமூ. நீங்க சொல்லிக் குடுத்தது சரிதான். நான்தான் அன்னிக்கு சரியாச் சொல்லல போல. அதான் இப்பிடி ஆயிருச்சு. இன்னிக்கு நல்லாச் சொன்னேன்ல?"

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதால் அதற்கும் அவள்தான் ஆறுதல் சொல்வாள் என்று அடக்கிக்கொண்டேன். சோ கிளேர் பக்கத்து வீட்டிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தார். ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா என்று அவரிடம் கேட்டேன்.

"அவதான் சொல்ல வந்தாளே தரமூ" என்றார்.

"எங்க வந்தா?"

"உங்க வீட்டுக்குத்தான். எத்தன தடவ வந்தா! எங்க ஆளுங்க சும்மா கீரை கொண்டு வந்து ஒக்கார மாட்டாங்க தரமூ. பெரியவங்க வீட்டுக்கு ஒண்ணக் கொண்டு போய் வெச்சுட்டு ஒக்காந்திருப்போம். 'என்னம்மா விஷயம்'னு அவங்க கேப்பாங்க. அப்பறந்தான் சொல்லுவோம். நாமளா ஆரம்பிச்சா அது அவங்க தலைல ஏத்தற மாதிரி. நீங்க கேக்கவே இல்லைன்னா, வேண்டாம்னு நெனைக்கறீங்கன்னு அர்த்தம்."

மூலா அவரைப் பார்த்துக் கரென் மொழியில் ஏதோ அதட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் குழம்பைச் சாப்பிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறாள். நான் பேத்தியின் பல் முளைத்த கதையைச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து காலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், கொஞ்சம் பாரம் குறையும் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை. போன வருடம் சமூகக் கூடத்து நிர்வாகி என் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தாளே, அவளிடம் போய் நேராகக் கேட்டாயா என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. இரண்டு வாரம் இவரிடம் புலம்பினேன், பிறகு நகராட்சியில் இருக்கும் என் அத்தை மகனை விட்டுப் பேசச் சொன்னேன். முழுதும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

திங்கட்கிழமை காலை மூலாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோழிக் கம்பெனிக்குப் போனேன். அவள் வேண்டாம் தரமூ, வேண்டாம் தரமூ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் இரவெல்லாம் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். சட்டம், உரிமை, தொழிற்சங்கம் எல்லாம் அதில் இருந்தது. வாசல் காவலாளியும் என் பழைய மாணவன்தான். கேட்டைத் திறந்து விட்டான். ஷேன் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"மிஸ், நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்? ஒரு போன் போட்டிருந்தா போதுமே."

என் பேச்சை ஆரம்பிக்கக்கூட விடவில்லை. உட்காருங்கள் என்றான், டீ வருகிறது என்றான், மேலே யாருக்கோ போன் போட்டான். என்னுடைய டீச்சர், ஆமாம், அவங்க ஆளு என்று அவன் சொல்வது காதில் விழுந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மூலாவுக்கு அட்டைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை, கத்தியே கிடையாது. கம்பெனி செலவில் மருத்துவர். அவன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. எனக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற சந்தோஷம் வேறு.

"நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மிஸ்."

"அவதான் சொன்னாளேடா. இதே ரூம்ல நின்னு சொன்னாளே."

"அவங்க சொன்னாங்க" என்றான், கொஞ்சம் தடுமாறி. "நீங்க சொல்லலியே மிஸ்."

அவன் கெட்டவன் இல்லை. நான் வளர்த்த பையன். எனக்குத் தெரிந்த உலகத்தைத்தான் அவனும் கற்றிருக்கிறான். மூலா நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டியில் திரும்பும்போது அவள் மூச்சுக்கு மூச்சு நன்றி சொன்னாள். ஒவ்வொரு நன்றியும் எனக்குச் செருப்படியாக இருந்தது. தயவுசெய்து சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். சரி தரமூ, நன்றி என்றாள்.

மருத்துவர் பார்த்தார். அறுவை சிகிச்சை செய்தால் வலி போகும், ஆனால் நாளாகிவிட்டது, கட்டைவிரலுக்குப் பழைய பலம் திரும்பாது, ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சொல்லிவிட்டார். இதை மூலா என்னிடம் சொல்லவில்லை. கூடப் போயிருந்ததால் நானே கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனபோது வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. மூலா கையில் கட்டோடு முன்வரிசையில் இருந்தாள். எல்லோர் கையிலும் பேனா தயாராக இருந்தது. பின்வரிசையிலிருந்து சோ கிளேர் எழுந்தார். இந்தத் தடவை விளையாட்டு இல்லை.

"தரமூ, நீங்க ஷேன்கிட்ட என்ன வாக்கியம் சொன்னீங்க? போர்டுல எழுதுங்க. மூலா சொன்ன வாக்கியம் பலிக்கல. உங்களோடது பலிச்சிருச்சு. அதையே நாங்களும் படிச்சுக்கறோம்."

பேனாவின் மூடியைத் திறந்து போர்டின் முன்னால் நின்றேன். எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் திரும்புவதற்குள் மூலா அவசரமாகச் சொன்னாள்.

"அதே வாக்கியம்தான். தரமூ ரொம்ப நல்லாச் சொன்னாங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

எல்லாத் தலைகளும் குனிந்தன. பழைய வாக்கியத்தையே மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னும் கொஞ்சம் நல்ல உச்சரிப்பில் சொன்னால் பலித்துவிடும் என்று நம்புகிற முகங்கள். பேசாமல் இருந்திருந்தால் அந்த நாளும் போயிருக்கும். மூலா எனக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தாள், நான் நழுவிப் போயிருக்கலாம்.

"எழுதாதீங்க" என்றேன். "நான் ஒரு வாக்கியமும் சொல்லல. வாயே தொறக்கல. என்னையப் பாத்தான், செஞ்சுட்டான். இந்த ஊர்ல காரியம் அப்பிடித்தான் நடக்குது. நானும் என் காரியத்த அப்பிடித்தான் நடத்திக்கறேன். உங்களுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுத்தேன்."

பேனாக்கள் நின்றன. சோ கிளேர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பிறகு கரென் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். என்ன சொல்கிறார் என்று மூலாவிடம் கேட்டேன்.

"தரமூ ரொம்ப நல்லவங்கன்னு சொல்றார்."

"இல்ல மூலா. நெஜமா என்ன சொன்னார்?"

அவள் சோ கிளேரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவளுக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். கட்டுப் போட்ட கையை அவள் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இத நீங்க மொத நாளே சொல்லியிருந்தா என் கை பொழச்சிருக்கும்னு சொன்னார்" என்றாள். "நானும் அதான் நெனைக்கறேன் தரமூ."